மட்டக்களப்பில் ஒலிவப் பொன்சாய்: கோடைக்கு அஞ்ச வேண்டுமா, மாரிக்கு அஞ்ச வேண்டுமா?

2023 பெப்ரவரி 11 – காத்தான்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

ஒலிவ மரம் குளிர்நாட்டுக்குரியது என்றும், மட்டக்களப்பு வெக்கையில் அது ஒரு கோடையைக்கூடத் தாண்டாது என்றும் கன்று விற்பவர் ஒருவரே என்னிடம் சொன்னார். அத்தியின் மீதும் ஸைத்தூன் என்னும் ஒலிவத்தின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்கும் சூராவைச் சிறு வயதிலிருந்து ஓதிவரும் என் உம்மா, அந்த மரத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார். வளவில் நடுவதற்கு இடமில்லை. மரத்தைக் குறுக்கிச் சாடியில் பொன்சாயாக வளர்ப்பது நமது பகுதியில் சாத்தியமா, அல்லது வீண் செலவா? வளர்த்தவர்கள் பதில் சொன்னால் நல்லது.

2023 பெப்ரவரி 12

கல்லடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வளவில் சில ஆண்டுகளாக ஒலிவ மரமொன்றைச் சாடியில் வளர்த்து வருகிறேன். ஆகவே சாத்தியம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஒலிவத்தைக் குளிர்நாட்டு மரம் என்பது சரியன்று. தென் ஸ்பெயின், துனீசியா, பலஸ்தீனம், கிரேக்கம் ஆகிய ஒலிவ நாடுகளில் கோடை வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழமை. சில நாட்களில் 40 பாகையையும் தொடும். அந்த வெயிலுக்குப் பழகிய மரத்துக்கு நமது கோடை பெரிய சோதனை அல்ல. வேறுபாடு மழையில்தான் இருக்கிறது. ஒலிவத் தோட்டங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு 400 முதல் 700 மில்லிமீற்றர் வரையான மழையில் வளர்கின்றன. மட்டக்களப்பில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். அதிலும் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒலிவத்தின் வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். நாட்கணக்கில் ஈரத்துக்குள் கிடந்தால் நுனிவேர்கள் கறுத்து அழுகிவிடும். இங்கே ஒலிவ மரத்தை இழந்தவர்களிடம் எந்த மாதத்தில் இலை உதிரத் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டிசம்பர் அல்லது ஜனவரி என்றே விடை வரும். வெயில் ஏறிய பின்னர் அது காய்ந்து நிற்பதைப் பார்த்து வெக்கையின் மீது பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே மாரியைச் சமாளிக்க வழி செய்துகொண்டு வளர்த்தால் அது வீண் செலவல்ல.

2023 பெப்ரவரி 12, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி பூசிய சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். இலைகள் தண்டில் எதிரெதிராகச் சோடி சோடியாக அமைந்திருக்க வேண்டும். சிலர் ஒலிவ் என்று சொல்லி, சிலோன் ஒலிவ் எனப்படும் வெரளுக் கன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். அது நல்ல மரம்தான், ஆனால் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலிவமோ மல்லிகையின் குடும்பத்து மரம்.

2023 பெப்ரவரி 19

மண்ணைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கன்று வரும் கறுப்புப் பையில் இருப்பது பெரும்பாலும் தும்புத்தூளும் செம்மண்ணும்தான். விற்பவருக்கு அது வசதி: பாரம் குறைவு, ஈரமும் நிற்கும். நமது மாரிக்கு அந்த ஈரமே ஆகாது. நான் பயன்படுத்தும் கலவையில் இரண்டு பங்கு உடைத்த செங்கல், ஒரு பங்கு சல்லியைச் சலித்தெடுத்த சிறு கல், ஒரு பங்கு நன்கு உக்கிய கூட்டெரு ஆகியவை இருக்கும். செங்கல்லையும் கல்லையும் 3 முதல் 6 மில்லிமீற்றர் அளவுக்குச் சலித்து, தூளை முற்றாக நீக்கிவிட வேண்டும். தூளை நீக்காமல் கலந்தால் அது முதல் மழையிலேயே அடியில் படிந்து, சாடியின் துளைக்கு மேலே சேற்றுப் படையாக இறுகிவிடும். மேலே எவ்வளவு நல்ல கலவை இருந்தாலும் பிறகு பயனில்லை.

ஒலிவம் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி, உப்பு நீங்கும்வரை மழைநீரில் ஊறவைத்து, உடைத்து ஒரு கைப்பிடி சேர்க்கிறேன். வயல் களிமண்ணை எக்காரணம் கொண்டும் சேர்க்க வேண்டாம்.

சாடி மாற்றுவதற்குரிய காலம் இப்போதுதான். மழை ஓய்ந்து, இரவுகள் இன்னும் இதமாக இருக்கும் தை மாதக் கடைசியும் மாசியும் மிகப் பொருத்தமானவை. வேரைக் கழுவிப் பார்த்து, கறுத்தவற்றை முழுவதும் நீக்கி, நல்ல வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் நடுங்கள். வெட்டிய பின் இரண்டு மூன்று வாரங்களுக்குக் காலை வெயில் மட்டும் படுகிற இடம் போதும். அதன் பின் முழு வெயிலுக்கு மாற்றிவிட வேண்டும். நிழலில் வளரும் ஒலிவத்தின் கணுக்கள் நீண்டு, இலைகள் பெருத்து, பொன்சாய்க்கு உதவாத மெல்லிய கொம்புகள்தான் கிடைக்கும்.

2023 மார்ச் 8

கட்டாரிலிருந்து வரும் மச்சான் சிறு மரமொன்றைப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா என்று ஏறாவூர் வாசகர் கேட்கிறார். வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி உயிருள்ள தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்காவில் பறித்து எரித்துவிடுவார்கள் என்ற பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டில் தென் இத்தாலியின் பூலியா மாகாணத்தில் சைலெல்லா என்னும் பற்றீரியா கண்டறியப்பட்டது. மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கும் அந்த நோயால் இலட்சக்கணக்கான ஒலிவ மரங்கள் பட்டுப்போயின, அவற்றுள் நூற்றாண்டுகள் கண்ட மரங்களும் உண்டு. அந்தப் பற்றீரியா ஒலிவத்தோடு நின்றுவிடுவதில்லை. நூற்றுக்கணக்கான வேறு தாவரங்களிலும் வாழக்கூடியது. ஒரு பெட்டிக்குள் ஒளித்து வரும் கன்றினால் நமது தோட்டங்களுக்கு ஆபத்து வரக்கூடாது. கொழும்புப் பக்கம் முறைப்படி இறக்குமதியான கன்றுகளையும், அவற்றிலிருந்து இங்கேயே பெருக்கப்பட்டவற்றையும் வாங்க முடிகிறது. என்னுடையதும் அப்படி வந்ததுதான்.

2023 ஏப்ரல் 23

போத்தலில் வரும் ஒலிவக் காயின் விதை முளைக்குமா என்ற கேள்விக்கு: முளைக்காது. உப்புநீரிலும் எரிசோடாக் கரைசலிலும் ஊறிய விதைக்குள் உயிர் இருப்பதில்லை. நல்ல விதை கிடைத்தாலும் கடினமான ஓட்டைப் பக்குவமாக உடைத்து விதைத்து, நெடுநாள் காத்திருந்து, பிறகு அது பென்சில் பருமனாகத் தடிப்பதற்கே ஆண்டுகள் ஆகும். பொன்சாய்க்கு அது நல்ல வழியல்ல.

தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கலாம். பச்சை நிறம் மாறி முற்றத் தொடங்கிய, ஆனால் இன்னும் மரமாகாத கொம்பை 12 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, மேலே இரண்டு சோடி இலைகளை மட்டும் விட்டு, வேர் ஊக்கித் தூளில் தோய்த்து, கழுவிய குருமணலில் ஊன்றி, அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலால் மூடி நிழலில் வையுங்கள். வேர் விட இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். அவசரப்பட்டு இழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒலிவம் வேர் விடுவதில்லை. எல்லாத் துண்டுகளும் பிழைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஊன்றியவற்றில் பாதி வேர் விட்டால் நல்ல விளைச்சல்.

2023 யூலை 16

கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகள் அனைத்தும் தண்ணீரைப் பற்றியவை. ஒலிவம் வறட்சியைத் தாங்கும் மரம் என்பதை எங்கோ வாசித்துவிட்டு, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஊற்றுகிறார்கள். நிலத்தில் நின்று ஆழ வேரோடிய மரத்துக்கு அது பொருந்தும். ஏழு சென்ரிமீற்றர் ஆழமுள்ள தட்டுச் சாடியில் கல்லும் செங்கல்லுமாக நிற்கும் மரத்துக்கு ஓடிப்போய்த் தண்ணீர் தேடுவதற்கு இடமேது? மேற்குப் பக்கத்திலிருந்து நாள் முழுவதும் காய்ந்து வீசும் இந்தக் காற்றில் காலையில் ஒரு முறையும், தேவைப்பட்டால் மாலையில் ஒரு முறையும், அடித்துளையால் வழியும்வரை ஊற்ற வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டு, மேற்படை காய்ந்திருப்பதை உறுதி செய்துவிட்டு ஊற்றுங்கள்.

இந்த மரத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தக்காளியோ செவ்வரத்தையோ தாகம் எடுத்தால் உடனே வாடிக் காட்டிவிடும். ஒலிவ இலை தோல்போலத் தடித்தது. அதன் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், மிகச் சிறிய குடைகளை நெருக்கி அடுக்கியதுபோன்று வட்டமான செதில்கள் மூடியிருப்பது தெரியும். அந்த வெள்ளி நிறமே அவைதான். நீர் ஆவியாவதை அவை தடுப்பதால் இலை நெடுநேரம் விறைப்பாகவே நிற்கும். மேற்பக்கப் பளபளப்பு மங்கி, இலை விளிம்புகள் சற்றுச் சுருளத் தொடங்குவதுதான் ஒரே அறிகுறி. அதைத் தவறவிட்டால் அடுத்து நீங்கள் காண்பது உதிர்ந்த இலைகளைத்தான். ஆனால் முற்றாக இலை உதிர்ந்த ஒலிவத்தை உடனே எறிந்துவிட வேண்டாம். பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அடிமரத்திலிருந்தே மீண்டும் தளிர் விடும்.

2023 செப்டெம்பர் 3

கிணற்று நீர் கரிக்கத் தொடங்கும் காலம் இது. கல்லடி, நாவலடி, ஆரையம்பதிப் பக்கம் கரையோர மணலில் தோண்டிய கிணறுகள் பலவற்றில் ஆவணி, புரட்டாதியில் இந்தக் குறை உண்டு. ஒலிவம் ஓரளவு உப்பைத் தாங்கும், கடற்காற்றும் அதற்கு ஒன்றும் செய்வதில்லை. என்றாலும் சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் வாரத்துக்கு ஒரு முறை சேமித்த மழைநீரை அல்லது குழாய் நீரை நிறைய ஊற்றி மண்ணைக் கழுவிவிடுங்கள். இலை நுனி கருகிய பின் கழுவுவதால் அந்த இலை மீளாது.

2023 நவம்பர் 12

மழை பிடித்துவிட்டது. என் மரம் தாவாரத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சம் குறையாமலும், கூரைத் தண்ணீர் நேரே சாடிக்குள் விழாமலும் இருக்கும் இடம் வேண்டும். இடமில்லாதவர்கள் நான்கு கம்பு நட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளைச் சரிவாகக் கட்டலாம். கிடுகுப் பந்தல் வேண்டாம், அது இருட்டிவிடும்.

சாடியை ஒரு பக்கம் சிறு கல் வைத்துச் சாய்த்து வையுங்கள். தட்டுச் சாடியின் அடியில் எப்போதும் மெல்லிய நீர்ப்படை தேங்கி நிற்கும். சாய்த்தவுடன் அதில் பெரும்பகுதி வழிந்துவிடும். இந்த மாதங்களில் பசளை இட வேண்டாம்.

ஜப்பானில் மழை அதிகம் அல்லவா, அங்கே எப்படி ஒலிவம் வளர்க்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1908ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு மூன்று மாகாணங்களில் ஒலிவம் நட்டுப் பரிசோதித்தது. நன்றாகப் பிடித்து நின்றது உள்நாட்டுக் கடலில் இருக்கும் சோதோஷிமா என்ற தீவில்தான். ஏனைய பகுதிகளோடு ஒப்பிட்டால் மழை குறைந்த இடம் அது. நாம் சாடியையும் கூரையையும் கொண்டு அப்படியோர் இடத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்கிறோம்.

2024 பெப்ரவரி 4

உருவம் கொடுப்பதைப் பற்றி எழுதச் சொல்லி நீண்ட நாளாகக் கேட்கிறார்கள். மரம் ஒரு மாரியையும் ஒரு கோடையையும் நலமாகக் கடந்து, புதுத் தளிர் வேகமாக ஓடும் வரைக்கும் உருவம் பற்றி யோசிக்கவே கூடாது என்பதனால் காத்திருந்தேன்.

படங்களில் வரும் பைன் மரப் பொன்சாய்களைப் பார்த்து, ஒலிவத்தையும் தட்டுத் தட்டான பச்சை மேகங்களாக அடுக்குகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. மத்தியதரைக் கடலோரத்து முதிய ஒலிவ மரத்துக்குக் கட்டையாகத் தடித்து முறுகிய அடிமரமும், பொந்துகளும், அதற்கு மேலே அகன்று விரிந்த மென்மையான முடியும் இருக்கும். உயரத்தைவிட அகலம் அதிகம். அடிமரத்தின் பருமன்தான் அங்கே கண்ணில் படுவது. ஆகவே முதல் வேலை அடிமரத்தைத் தடிக்க வைப்பது. அதைத் தட்டுச் சாடியில் செய்ய முடியாது. பெரிய வாளியிலோ, முடிந்தால் உயர்த்திக் கட்டிய பாத்தியிலோ நட்டு, அடியிலிருந்து புறப்படும் ஒரு கொம்பை வெட்டாமல் விட்டுவிடுங்கள். அந்தக் கொம்பு எவ்வளவு நீளுகிறதோ, அதற்குக் கீழே அடிமரம் அவ்வளவு தடிக்கும். போதிய பருமன் வந்ததும் அதை நீக்கிவிடலாம். மேலே ஓடும் மரத்தை ஒரேயடியாக வெட்டிக் குறுக்கி, புதிதாக வரும் தளிரை அடுத்த தலையாக எடுக்கும்போதுதான் அடி பருத்து நுனி மெலிந்த உருவம் கிடைக்கும்.

ஒலிவத்துக்குப் பழைய மரத்திலிருந்தும் தாராளமாகத் தளிர் விடும் குணம் உண்டு. மாசியில் தைரியமாக வெட்டினால் சில வாரங்களில் பட்டையில் ஆங்காங்கே செம்பச்சைப் புள்ளிகள் அரும்பும். எல்லாவற்றையும் வளரவிட்டு, விரல் நீளம் வந்த பிறகு எவை வேண்டும் என்று தெரிவு செய்யுங்கள்.

கொம்பைப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இலைகள் எதிரெதிராக வருவதால் தளிர்களும் எதிரெதிராகவே வரும். இரண்டையும் விட்டால் கை இரண்டையும் நீட்டி நிற்கும் சிலுவை உருவமாகிவிடும். ஒன்றை வைத்து மற்றதை அகற்றுங்கள்; ஒரு கணுவில் இடது, அடுத்த கணுவில் வலது என்று மாற்றிக்கொண்டே போங்கள். தளிர் ஆறு முதல் எட்டுச் சோடி இலைகள் வரை நீளட்டும், பிறகு இரண்டு சோடிக்குக் குறுக்குங்கள். நமது பகுதியில் குளிர்கால உறக்கம் இல்லாததனால் ஆண்டுக்குப் பல தடவை இப்படி வெட்ட முடிகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் பொன்சாய் வளர்ப்போருக்குக் கிடைக்காத வசதி இது. கொம்புகள் நெருங்க நெருங்க இலையும் சிறுத்துக்கொண்டே போகும்.

கொம்பை வளைப்பதற்காகச் சுற்றும் கம்பியை நான் அதிகம் நம்புவதில்லை. முற்றிய ஒலிவக் கொம்பு வளையாது, முறிந்துவிடும். இளந்தளிரோ அடிக்கணுவிலிருந்து அப்படியே கழன்று கையோடு வந்துவிடும். கத்தரிக்கோல் மட்டும் போதும்.

2024 பெப்ரவரி 17

அக்கரைப்பற்று வாசகர் கம்பியைப் பற்றி நான் எழுதியதை மறுத்து, தன் மரத்தின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். அவரது மரத்தின் முதற்கொம்பு கீழே இறங்கி வெளியே நீளும் விதம் மிக அழகாக இருக்கிறது. கத்தரிக்கோலால் மட்டும் அந்த இறக்கத்தைக் கொண்டுவர முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே முன்பு சொன்னதை இவ்வாறு திருத்திக்கொள்ளுங்கள்: கம்பிக்கென்று ஒரு பருவம் உண்டு, அது குறுகியது.

அந்தப் பருவத்தைத் தண்டே காட்டும். புதிதாக வந்த தளிரின் தண்டை இரு விரலுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். முதலில் அது வெளிர்பச்சையாக, நான்கு விளிம்புகளோடு நாற்பட்டையாக இருக்கும்; விரலில் அந்தப் பட்டைகள் தட்டுப்படும். முற்றத் தொடங்கும்போது பட்டைகள் மறைந்து உருண்டு, நிறமும் சாம்பலுக்கு மாறும். பட்டை மறைந்து சாம்பல் பூக்கத் தொடங்கும் வேளையே கம்பி சுற்றும் வேளை. அலுமினியக் கம்பி போதும், கொம்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிப்பு இருந்தால் சரி. அடிக்கணுவை இடது கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 45 பாகைச் சாய்வில் சுற்றிச் செல்லுங்கள். வளைக்கும்போதும் அந்தப் பெருவிரலை எடுக்கக்கூடாது. நமது பகுதியில் கொம்பு வேகமாகத் தடிப்பதனால் கம்பி சில வாரங்களிலேயே மரப்பட்டைக்குள் இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு வாரமும் பார்த்து, இறுகியவுடன் குறட்டால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுழற்றிக் கழற்ற முயன்றால் தளிர்கள் போய்விடும். முற்றிய கொம்பைச் சற்றே இறக்க வேண்டுமானால், இறப்பர் துண்டை அணைகொடுத்து, மெல்லிய கம்பியால் சாடியின் விளிம்போடு இழுத்துக் கட்டி, வாரா வாரம் சிறிது சிறிதாக இறுக்கலாம்.

2024 யூன் 9

மரத்தின் ஒரு பக்கம் முழுவதும் பட்டுப்போய், மறு பக்கம் செழிப்பாக இருக்கிறது, நோயா என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் நோயாகத் தெரியவில்லை. சாடி மாற்றும்போது அந்தப் பக்கத்துப் பெருவேரை வெட்டியிருக்கிறார்கள்.

ஒலிவத்தில் ஒவ்வொரு பெருவேரும் தனக்கு நேர் மேலே இருக்கும் கொம்புகளுக்கே பெரும்பாலும் நீரும் உணவும் கொடுக்கிறது. முதிர்ந்த அடிமரத்தைத் தடவிப் பார்த்தால், ஒரு வேரில் தொடங்கி மேலே ஒரு கொம்பில் முடியும் தடித்த வரம்புகள் கையில் படும். வேரை வெட்டினால் அந்த வரம்பும் அதன் மேலுள்ள கொம்பும் சேர்ந்து காய்ந்துவிடும். ஆகவே பெருவேரை வெட்டுவதற்கு முன்னர் அதற்கு மேலே எந்தக் கொம்பு இருக்கிறது, அது வேண்டுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டுப்போன பக்கத்தை மறைக்க முயல வேண்டாம். ஒலிவம் இயல்பாகவே இப்படித்தான் முதிர்கிறது: நடுமரம் உக்கிப் பொந்தாகி, உயிருள்ள வரம்புகள் மட்டும் அதைச் சூழ்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். இயேசு கைதாவதற்கு முன் இரவில் செபித்ததாகச் சொல்லப்படும் எருசலேமின் கெத்சமனேத் தோட்டத்தில் உள்ள எட்டு மரங்களை இத்தாலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மரங்களின் வயதை மட்டுமே கணிக்க முடிந்தது. அவற்றின் அடிமரங்கள் 12ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. ஏனையவற்றின் நடு உக்கிப்போயிருந்ததால் கணிக்க இயலவில்லை. எட்டும் ஒரே தாய்மரத்திலிருந்து துண்டு எடுத்து நடப்பட்டவை என்பதையும் மரபணுப் பரிசோதனை காட்டியது. புளியந்தீவில் எங்கள் பங்குத் தேவாலயத்தில் பெரிய வியாழன் இரவு விழித்திருக்கும்போது அந்த மரங்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

காய்ந்த பகுதியின் பட்டையை உரித்து, உலர்ந்த பிறகு சுண்ணாம்புக் கந்தகக் கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். மண்ணில் சிந்தாதபடி சாடியை மூடிக்கொள்வது அவசியம், வேருக்கு அது நஞ்சு. ஒலிவ மரம் வைரம் பாய்ந்தது, இலகுவில் உக்காது. ஆனால் நமக்குக் கறையான் இருக்கிறது. சாடியைத் தரையில் வைக்காமல் இரும்பு நிலையில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

2024 செப்டெம்பர் 22

இலையில் கரி பூசியதுபோல் இருந்தால் கரியைக் கழுவிப் பயனில்லை. மேலே வெண்மூட்டுப்பூச்சியோ செதிற்பூச்சியோ இருக்கும். அவை சிந்தும் இனிப்புநீரில்தான் அந்தப் பூசணம் வளர்கிறது. எறும்பு ஏறுகிற வரிசையைப் பின்தொடர்ந்தால் பூச்சி இருக்கும் கணுவுக்கு நேரே கொண்டுபோய் விட்டுவிடும். பழைய பற்தூரிகையால் தேய்த்து அகற்றி, வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலக்கி மாலையில் தெளியுங்கள்.

2024 டிசம்பர் 8

சென்ற மாதக் கடைசியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெய்த மழையையும் வெள்ளத்தையும் பற்றி நான் எழுதத் தேவையில்லை. உயிர்களும் வயல்களும் போயிருக்கும் வேளையில் சாடி மரத்தைப் பற்றிப் பேச மனம் வரவில்லை என்பதால் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

கேட்டிருந்தவர்களுக்காகச் சுருக்கமாக: வெள்ள நீரில் மூழ்கிய மரத்தை உடனே சாடியிலிருந்து கழற்றி வேரோடு கழுவ முனைய வேண்டாம். சாடியைச் சாய்த்து நீரை வடியவிட்டு, மழைபடாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மேற்படிந்த சேற்றைக் கரண்டியால் வழித்து நீக்குங்கள். மழை ஓய்ந்து தை பிறந்த பின்னரே மண்ணை மாற்றலாம். அதுவரை பசளையும் வேண்டாம், வெட்டும் வேண்டாம்.

2025 பெப்ரவரி 2

பூவும் காயும் எப்போது வரும் என்று இப்போதும் கேட்கிறார்கள். நேரடியாகச் சொல்கிறேன்: மட்டக்களப்பில் எதிர்பார்க்க வேண்டாம். ஒலிவத்தின் பூமொட்டுகள் உருவாக, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும் வாரங்கள் பல வேண்டும். நமது மார்கழி இரவுகளிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. நுவரெலியாவில் உள்ள உறவினரிடம் சில மாதங்கள் கொடுத்துவைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குளிர் அங்கே கிடைக்கும், தை மாதத்தில் உறைபனிகூட விழுவதுண்டு. ஆனால் அங்கும் மழை அதிகம், பனிமூட்டமும் உண்டு. வெயிலுக்குப் பழகிய மரத்தை ஆண்டுதோறும் ஏற்றி இறக்குவது அதற்குச் சித்திரவதை. காய்த்தாலும் பொன்சாயில் இலை சிறுக்குமே தவிரக் காய் சிறுப்பதில்லை. கையளவு மரத்தில் முழுக் காய் தொங்குவது எனக்கு அழகாகப் படவில்லை. காய் வேண்டுமானால் பேரீச்சை நடலாம். காத்தான்குடிப் பிரதான வீதியில் அது குலை குலையாகக் காய்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

2025 பெப்ரவரி 9

வாளியிலிருந்து தட்டுச் சாடிக்கு எப்போது மாற்றுவது என்பது கல்முனை வாசகரின் கேள்வி. அடிமரம் நீங்கள் விரும்பும் பருமனுக்கு வந்திருக்க வேண்டும், முதல் மூன்று கொம்புகளும் இடம் பிடித்திருக்க வேண்டும், வளரவிட்ட கொம்பை நீக்கிய வெட்டுவாய் மூடத் தொடங்கியிருக்க வேண்டும். தட்டுச் சாடிக்குப் போன பின்னர் மரம் மிக மெதுவாகத்தான் தடிக்கும். ஒலிவத்தின் வெட்டுக்காயமும் ஆறுவதற்கு நெடுங்காலம் எடுக்கும். ஐயம் இருந்தால் இன்னும் ஓராண்டு வாளியிலேயே விடுங்கள்.

சாடியின் ஆழம் அடிமரத்தின் பருமனுக்குச் சமமாக இருந்தால் பார்வைக்குப் பொருந்தும். ஆனால் நமது கச்சானை எண்ணி, அதைவிட இரண்டு விரற்கடை கூடுதலான ஆழத்தையே நான் தெரிவு செய்கிறேன். பளபளப்பில்லாத மண்ணிறச் சாடி ஒலிவத்தின் சாம்பல் இலைக்கு நன்றாக எடுபடும். துளைகள் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டுக்குக் குறையக்கூடாது. துளையின் மேல் நுளம்பு வலைத் துண்டை வைத்து, அதன் வழியாகக் கம்பியை மேலே எடுத்து, வேர்த்திரளைச் சாடியோடு அசையாமல் கட்டிவிடுங்கள். காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் நுனிவேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். இந்த மாதம் மாற்றினால் வைகாசியில் காற்றுத் தொடங்கும் முன்னர் வேர் பிடித்துவிடும். அப்போது கட்டுக் கம்பியை அடியில் வெட்டி எடுத்துவிடலாம்.